இறங்கும் கொடியும் இறவாப் பதவியும்

பொதுப்பதவி வகித்த ஒருவர் இறந்தால், அரசுக் கட்டடங்களின் மீது பறக்கும் தேசியக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கி வைப்பது இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் நிலைத்துவிட்ட வழக்கம். தமக்கென ஒரு சமயம் இல்லை என்று அறிவித்துக்கொண்ட அரசுகளும் இதைத் தயக்கமின்றிச் செய்கின்றன. ஆயினும் இதைச் சடங்கு என்ற சொல்லால் அல்லாமல் வேறு சொல்லால் குறிப்பது கடினம். செய்ய வேண்டியது இது, செய்யும் வரிசை இது, நாள் கணக்கு இது, உரியவர் இவர் என்று ஒரு சடங்குக்கு வேண்டிய இலக்கணம் அனைத்தும் இதில் அமைந்திருக்கின்றன. கொடியைக் கட்டி நேரே பாதி உயரத்துக்கு ஏற்றி நிறுத்திவிடுவது அரைக்கம்பம் ஆகாது. அமெரிக்காவின் கொடிச் சட்டமும், 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியக் கொடி விதித்தொகுப்பும் இவ்விடத்தில் ஒரே முறையையே சொல்கின்றன: கொடி முதலில் கம்பத்தின் உச்சியைத் தொட வேண்டும், அதன் பிறகே பாதிக்கு இறங்க வேண்டும், மாலையில் அதை அவிழ்ப்பதற்கு முன்னும் மீண்டும் ஒருமுறை உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்தே முழுவதுமாக இறக்க வேண்டும்.

கயிற்றை இழுப்பவரைத் தவிர வேறு எவரும் கவனிக்காத இந்த ஏற்ற இறக்கத்தில்தான் சடங்கின் பொருள் தங்கியிருக்கிறது. உச்சியைத் தொடாமல் நடுவில் நிற்கும் கொடி, ஏற்றியவர் வேலையைப் பாதியில் விட்டதன் அடையாளமாகவே தோன்றும். உச்சியைத் தொட்ட பின்னர் கீழே வரும் கொடியோ, தனக்குரிய உயரம் எதுவென்று காட்டிவிட்டு, அதைத் தானே விட்டுக்கொடுத்ததாகப் பொருள்படும். அப்படியானால் விட்டுக்கொடுப்பது யார், யாருக்காக என்ற கேள்வி எழுகிறது. இறந்த மனிதருக்காக என்பது எளிய விடை. அந்த விடை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சில நிகழ்வுகளை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வழக்கம் கரைக்கு வந்தது கடலிலிருந்து. கப்பலின் பாய்மரத்தில் கொடியைத் தாழ்த்திக் கட்டுவது மாலுமிகளின் துக்கக் குறி. அமெரிக்கக் குடியரசின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று மறைந்தபோது, கடற்படைச் செயலர் பெஞ்சமின் ஸ்டோடர்ட், உள்நாட்டுத் துறைமுகங்களிலும் வெளிநாட்டுத் துறைமுகங்களிலும் நின்ற போர்க்கப்பல்கள் ஒரு வாரம் கொடியைப் பாதிப் பாய்மரத்தில் பறக்கவிட வேண்டும் என்று ஆணையிட்டார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக, யாருக்கு எத்தனை நாள் என்பதை வழக்கமும் அவ்வப்போது பிறந்த ஆணைகளுமே முடிவு செய்துவந்தன. 1954 மார்ச் 1 அன்று அதிபர் ஐசனோவர் வெளியிட்ட பிரகடனம்தான் அதற்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. பதவியில் இருக்கும் அதிபருக்கும் முன்னாள் அதிபருக்கும் 30 நாள். துணை அதிபர், தலைமை நீதிபதி, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி, பிரதிநிதிகள் சபையின் அவைத்தலைவர் ஆகியோருக்கு 10 நாள். உச்ச நீதிமன்றத்தின் மற்ற நீதிபதிகள், அமைச்சர்கள், முன்னாள் துணை அதிபர்கள் போன்றோருக்கு இறந்த நாள் முதல் அடக்கம் வரை. காங்கிரஸ் உறுப்பினருக்கு இறந்த நாளும் மறுநாளும்.

இந்தப் பட்டியல் முதற்பார்வையில் மனத்தை உறுத்தக்கூடியது. துக்கத்துக்குப் படிநிலை உண்டா, ஒருவரை இழந்த வேதனை பத்தாம் நாளில் முடியும் என்றும் இன்னொருவரை இழந்த வேதனை முப்பதாம் நாளில் முடியும் என்றும் எவரால் எழுத முடியும் என்ற கேள்வி நியாயமானதே. இந்திய விதித்தொகுப்பு இதே படிநிலையைக் காலத்தால் அளக்காமல் நிலப்பரப்பால் அளக்கிறது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் ஆகியோர் இறந்தால் நாடு முழுவதும் கொடி இறங்குகிறது. மக்களவைத் தலைவருக்கும் இந்தியத் தலைமை நீதிபதிக்கும் தில்லியில் மட்டும். மத்திய அமைச்சரவை அமைச்சருக்குத் தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும். ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் அந்தந்த மாநிலம் முழுவதும். இவை எவையும் அன்பின் அளவுகள் ஆகமாட்டா, ஏனெனில் மக்களின் அன்பு பதவி வரிசையைப் பார்த்து நடப்பதில்லை. அந்த உடலில் அரசு எவ்வளவு குடியிருந்தது என்பதன் அளவு என்று கொண்டால்தான் இவை பொருள் தருகின்றன.

இறந்தவருக்குச் செய்யும் மரியாதை உண்மையில் யாருக்குச் சேர்கிறது என்ற ஆராய்ச்சி மிகப் பழையது. மதிப்பு என்பது அதைப் பெறுபவரைக் காட்டிலும் அதைத் தருபவரையே சார்ந்து நிற்கிறது என்று அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் குறிப்பிட்டார். ஆகவேதான் வாழ்வின் இறுதி நன்மையாக அதைக் கொள்ள அவர் மறுத்தார். கிறித்தவச் சிந்தனையாளரான அகுஸ்தீனார், இறுதி ஊர்வலத்தின் ஆடம்பரமும் கல்லறையின் சிறப்பும் இறந்தவருக்கு உதவுவதைவிட உயிரோடிருப்பவர்களுக்கு ஆறுதலாக அமைவதே மிகுதி என்று எழுதினார். எனினும் உடலை மதிப்போடு அடக்கம் செய்யும் கடமையை அவர் கைவிடச் சொல்லவில்லை. இவர்கள் இருவரையும்விடக் கூர்மையாக இக்கேள்வியைக் கையாண்டது யூதர்களின் சட்ட விவாதத் தொகுப்பாகிய தல்மூத் எனலாம். அதன் சன்ஹெத்ரின் பகுதியில், இறந்தவரைக் குறித்து ஆற்றப்படும் இரங்கலுரை உயிரோடிருப்பவர்களுக்கு மரியாதையா, இறந்தவருக்கு மரியாதையா என்ற வினா எழுப்பப்படுகிறது. அங்கே இது வெறும் தத்துவ வினாவாக நிற்கவில்லை, அதற்கு ஒரு நடைமுறைச் சோதனையும் வகுக்கப்படுகிறது: எனக்கு இரங்கலுரை வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டு இறந்தால் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டுமா? மரியாதை அவருடையது என்றால் அதை வேண்டாமென்று சொல்லும் உரிமையும் அவருடையதே. உயிரோடிருப்பவர்களுடையது என்றால் அதை மறுக்க அவருக்கு உரிமை இல்லை. இரங்கலுரை இறந்தவருக்கே உரியது என்ற முடிவுக்கு அந்த விவாதம் வந்து சேர்கிறது.

இந்தச் சோதனையை அரைக்கம்பக் கொடிக்குப் பொருத்திப் பார்ப்பதற்கு 1994ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று கைகொடுக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 22 அன்று இறந்த ரிச்சர்ட் நிக்சன், வாட்டர்கேட் ஊழலில் சிக்கி, பதவிநீக்கம் உறுதி என்ற நிலையில் 1974இல் அதிபர் பதவியிலிருந்து விலகியவர். அமெரிக்க வரலாற்றில் பதவி விலகிய ஒரே அதிபர். தலைநகர் வாஷிங்டனில் நாடாளுமன்ற மாளிகையின் குவிமாட மண்டபத்தில் உடலை வைக்கும் மரபு அவருக்குப் பின்பற்றப்படவில்லை; கலிபோர்னியாவில் அவர் பிறந்த யோர்பா லிண்டாவில், அவர் பெயரால் அமைந்த நூலக வளாகத்திலேயே அடக்கம் நடந்தது. இறுதிச் சடங்கை எங்கே, எவ்வாறு நடத்துவது என்பது இவ்வாறு இறந்தவரின் விருப்பத்துக்கும் குடும்பத்தாரின் விருப்பத்துக்கும் இடம் தந்தது. கொடி அப்படி இடம் தரவில்லை. எதிர்க்கட்சியைச் சேர்ந்த அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி நாடெங்கும் 30 நாள் கொடி தாழ்ந்து பறந்தது. 1954ஆம் ஆண்டுப் பிரகடனம் இறந்தவரின் ஒப்புதலைக் கேட்கவில்லை, அவருடைய தகுதியையும் கேட்கவில்லை. தல்மூத்தின் அளவுகோலால் பார்த்தால், வேண்டாமென்று சொல்ல வழியில்லாத ஒரு மரியாதையை இறந்தவரின் உடைமை என்று சொல்வதற்கில்லை.

நிக்சனுக்கு 30 நாள் கொடி இறங்கியது நீதிதானா என்று மனம் புண்பட்டவர்கள் கேட்டதில் பொருளுண்டு. அக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. பொய்யான புகழ்ச்சி இறந்தவரையும் அவமதிக்கிறது, அவரால் துன்புற்றவர்களையும் அவமதிக்கிறது. ஆயினும் கொடி புகழ்ச்சி எதையும் சொல்லவில்லை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912இல் வெளியிட்ட சமய வாழ்வு பற்றிய நூலில், துக்கம் காத்தல் என்பது தனிமனிதரின் புண்பட்ட உணர்ச்சி தானாக வெளிப்படுவது அன்று, குழு தன் உறுப்பினர் மீது சுமத்தும் கடமை என்று விளக்கினார். அழுபவர் அனைவரும் வருந்தியே அழ வேண்டும் என்று சடங்கு எதிர்பார்ப்பதில்லை. குழுவில் ஓர் இடம் காலியாகியிருப்பதை எல்லாரும் ஒருசேர ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. தாழ்ந்த கொடியும் அவ்வளவே சொல்கிறது.

காலியான அந்த இடம் எது என்பதை விளக்க ஐரோப்பிய அரசியல் சிந்தனையில் ஒரு பழைய கருத்து உண்டு. முதலாம் எலிசபெத்தின் காலத்து ஆங்கிலச் சட்ட அறிஞர்கள், அரசருக்கு இரண்டு உடல்கள் இருப்பதாகக் கொண்டனர்: பிறந்து, நோயுற்று, இறக்கும் இயற்கை உடல் ஒன்று; குழந்தைப் பருவமோ முதுமையோ இறப்போ இல்லாத அரசியல் உடல் மற்றொன்று. முதல் உடல் வீழும் கணத்திலேயே இரண்டாம் உடல் அடுத்தவரிடம் குடியேறிவிடுவதால், அரசர் என்பவர் ஒருபோதும் இறப்பதில்லை என்பது அவர்கள் வாதம். வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் காண்டரோவிச் 1957இல் வெளியிட்ட ‘அரசரின் இரண்டு உடல்கள்’ என்னும் நூல், இக்கருத்து கிறித்தவ இறையியலின் சொற்களிலிருந்தே, அதாவது கிறித்துவின் இரு இயல்புகளையும் திருச்சபை என்னும் மறையுடலையும் பற்றிய விவாதங்களிலிருந்து, அரசியலுக்குள் வந்ததை விரிவாகக் காட்டியது. 1547இல் பிரான்சின் முதலாம் பிரான்சுவா இறந்தபோது, உயிரோடிருப்பவருக்குப் போல அவருடைய உருவப் பாவைக்கு நாள்தோறும் உணவு பரிமாறப்பட்டது. மனிதர் இறந்துவிட்டார், அரசர் இன்னும் இறக்கவில்லை என்ற எண்ணத்தைக் கண்ணால் காணும்படி வைத்த ஏற்பாடு அது.

பிரிட்டனில் இக்கருத்து இன்றும் ஒரு கம்பத்தின் மீது உயிரோடிருக்கிறது. அரசர் தங்கியிருக்கும் இடத்தில் மட்டும் பறக்கும் அரச கொடி எந்த இறப்புக்கும், அரசரின் இறப்புக்குமே, அரைக்கம்பத்துக்கு இறங்குவதில்லை; நாட்டுக்குரிய யூனியன் கொடி இறங்குகிறது. 1997 ஆகஸ்ட் இறுதியில் இளவரசி டயானா இறந்தபோது, அரசி ஸ்காட்லாந்தில் இருந்ததால் பக்கிங்காம் அரண்மனையின் கம்பம் மரபுப்படி வெறுமையாக நின்றது. அழுதுகொண்டு வாயிலில் திரண்டிருந்த மக்களுக்கு அந்த வெறுமை கல்நெஞ்சமாகவே தெரிந்தது. செப்டம்பர் 6 அன்று, இறுதிச் சடங்குக்காக அரசி அரண்மனையை விட்டுப் புறப்பட்டதும், அங்கே முதன்முறையாக யூனியன் கொடி அரைக்கம்பத்தில் ஏறியது. இறவாத பதவியின் கொடியால் துக்கம் கொள்ள முடியாது என்பதை அன்று அந்த நாடு உணர்ந்து, துக்கம் கொள்ளக்கூடிய இன்னொரு கொடிக்கு இடம் கொடுத்தது. 2022 செப்டம்பர் 8 அன்று இரண்டாம் எலிசபெத் இறந்தபோது யூனியன் கொடிகள் இறங்கின. 10ஆம் தேதி புதிய அரசரின் பதவியேற்பு அறிவிப்பை ஒட்டி முழுக் கம்பத்துக்கு ஏறி, மறுநாள் பிற்பகல் மீண்டும் பாதிக்கு வந்தன. ஒரு நாளுக்குச் சற்றே மேற்பட்ட அந்த இடைவெளி, இரண்டு உடல்களுள் எது இறந்தது, எது இறக்கவில்லை என்பதை மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய நேரம்.

இறங்க மறுக்கும் கொடிக்கு முற்றிலும் வேறான ஒரு காரணத்தைச் சவூதி அரேபியா காட்டுகிறது. அந்நாட்டுக் கொடியில் எழுதப்பட்டிருப்பது கலிமா என்னும் இஸ்லாமிய உறுதிமொழி. அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் வேறில்லை, முஹம்மது அவனுடைய தூதர் என்பது அதன் பொருள். அந்தச் சொற்களைத் தாங்கிய துணி எந்த மனிதரின் இறப்புக்காகவும் தாழக் கூடாது என்பது அந்நாட்டின் விதி. 2015 ஜனவரி 23 அன்று மன்னர் அப்துல்லா இறந்தபோது, அன்றே ஜனாஸா தொழுகை முடிந்து, எளிய துணியில் சுற்றப்பட்ட அவருடைய உடல் ரியாத்தின் அல்-ஊத் அடக்கத்தலத்தில் பெயர் பொறிக்காத குழியில் வைக்கப்பட்டது. நாட்டின் கொடி உச்சியிலேயே பறந்தது. அதே நாளில் லண்டனில் அரசு அலுவலகங்களிலும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்திலும் யூனியன் கொடி அவருக்காக அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சவூதியின் மனித உரிமை நிலையைச் சுட்டி அதை எதிர்த்த நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருந்தனர். நபிகள் நாயகம் மறைந்த வேளையில் செய்தியை நம்ப முடியாமல் திகைத்து நின்றவர்களிடம் அபூபக்கர், முஹம்மதை வணங்கியவர்கள் அவர் இறந்துவிட்டார் என்று அறியட்டும், இறைவனை வணங்கியவர்கள் அவன் இறவாதவன் என்று அறியட்டும் என்ற கருத்துப்படப் பேசியதாக இஸ்லாமிய மரபு சொல்கிறது. நபிக்கே பொருந்திய இந்த அளவுகோல் மன்னருக்குப் பொருந்தாமல் போகாது. இறவாதவன் பெயரை இறப்பவர்க்காகத் தாழ்த்துவது அந்த நம்பிக்கையின் உள்ளிருந்து பார்க்கையில் பெரும் முரண்.

ஆக, இரண்டு கொடிகள் தாழ்வதில்லை. ஒன்று இறவாத அரசருடையது, மற்றது இறவாத இறைவனுடையது. முதலாவதன் உரிமைக்கோரிக்கை மனிதர் தமக்கெனக் கட்டிக்கொண்டது; இரண்டாவதன் உரிமைக்கோரிக்கை எந்த மன்னரையும் பெரியவராக எண்ண இடம் கொடுப்பதில்லை. இவற்றின் அருகில் வைத்துப் பார்த்தால், குடியரசின் கொடி இறங்குவது பலவீனமாகத் தெரியவில்லை. தன்னை நடத்துபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டோ நியமிக்கப்பட்டோ வந்த மனிதர்கள், அவர்கள் இறப்பார்கள், பதவி அவர்களுடைய உடைமை அன்று, அவர்களிடம் சில காலம் ஒப்படைக்கப்பட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் அரசால்தான் தன் அடையாளத்தையே தாழ்த்த முடியும். காலையில் கொடி உச்சியைத் தொடுவது பதவிக்காக. பாதிக்கு இறங்குவது அதைச் சுமந்த உடலுக்காக. நிக்சனுக்காக இறங்கிய கொடியும் இந்த ஒப்புதலையே செய்தது. அவர் மீதான வரலாற்றின் தீர்ப்பை அது தொடவில்லை.

இந்த ஒப்புதல் மற்றக் கொண்டாட்டங்களோடு மோதும் நாள்களும் உண்டு. அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று இறந்தார். அவருக்கான 30 நாள் துக்கம் முடியுமுன்பே மே 8 அன்று ஐரோப்பாவில் போர் வென்ற நாள் வந்தது. அவருக்குப் பின் அதிபரான ட்ரூமன் கொடியை உயர்த்தவில்லை. வெற்றி நாளைத் தாழ்ந்த கொடியின் கீழேயே அமெரிக்கா கொண்டாடியது. அதே ட்ரூமன் 1972 டிசம்பரில் இறந்தபோது, நிக்சனின் இரண்டாம் பதவியேற்பு 1973 ஜனவரி 20 அன்று அவருக்காகத் தாழ்ந்திருந்த கொடிகளின் கீழ் நடந்தது. 2024 டிசம்பர் 29 அன்று முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் இறந்ததால் 2025 ஜனவரி 20ஆம் நாள் பதவியேற்பும் 30 நாளுக்குள் விழுந்தது. இம்முறை அந்த ஒரு நாளுக்குக் கொடிகள் முழுக் கம்பத்துக்கு ஏற்றப்பட்டு, பின்னர் மீண்டும் இறக்கப்பட்டன. இந்திய விதித்தொகுப்பு இத்தகைய மோதலை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது: குடியரசு நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் போன்ற நாள்களில் கொடி இறங்குவதில்லை, இறந்தவரின் உடல் இருக்கும் கட்டடத்தில் மட்டும் இறங்கியிருக்கலாம், உடல் அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்டதும் அதுவும் உயர வேண்டும். மகிழ்ச்சியும் இழப்பும் ஒரே நாளில் வந்தால் எதை முன்வைப்பது என்பதைச் சூழலின் மனநிலைக்கு விடாமல் முன்பே எழுதி வைத்தது மதிக்கத்தக்கது. எனினும், வெற்றியின் நடுவிலும் இறந்தவரை மறக்காத 1945ஆம் ஆண்டின் கொடியில் ஒரு பேரழகு இருந்தது என்பதை மறுக்க இயலாது.

விதியின் மதிப்பு அது இல்லாத இடத்தில்தான் நன்கு தெரியும். 1954ஆம் ஆண்டுப் பிரகடனம், பட்டியலுக்கு வெளியே உள்ளவர்களுக்கும், பட்டியலில் உள்ள நாள்களுக்கு மேலும், கொடியை இறக்கும் உரிமையை அதிபரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. செனட்டர் ஜான் மெக்கெய்ன் 2018 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். வியட்நாம் போரில் ஐந்தாண்டுக்கு மேல் சிறையில் வதைபட்டவர், இறக்கும்போது அதிபராயிருந்த டிரம்புடன் கடுமையாக முரண்பட்டிருந்தவர். விதிப்படி காங்கிரஸ் உறுப்பினருக்குரிய இரண்டு நாள் முடிந்ததும் வெள்ளை மாளிகையின் கொடி 27ஆம் தேதி முழுக் கம்பத்துக்கு ஏறியது. எழுத்தின்படி அதில் பிழை எதுவுமில்லை. ஆனால் முன்னர் பிறருக்கு அதிகப்படியான நாள்கள் விருப்பத்தால் வழங்கப்பட்டிருந்ததால், வழங்காமல் விட்டது ஒரு சொல்லாக ஒலித்தது. முன்னாள் படைவீரர்களின் எதிர்ப்பு எழுந்து, அன்று மாலைக்குள்ளேயே கொடி மீண்டும் இறங்கி, அடக்கம் வரை தாழ்ந்திருந்தது. விருப்பத்தால் தரக்கூடிய மரியாதைக்கு இந்த அபாயம் எப்போதும் உண்டு: தருவது பாராட்டாகிவிடுகிறது, தராமை தீர்ப்பாகிவிடுகிறது, அதன்பின் கொடி இறந்தவரின் மேன்மையையும் கீழ்மையையும் எடைபோடும் தராசாக மாறிவிடுகிறது. உறுத்தலாகத் தோன்றிய அந்த நாள் கணக்குப் பட்டியல், உண்மையில், இறந்தவர்களை ஆள்பவர்களின் விருப்பு வெறுப்பிலிருந்து காக்கும் வேலி. வேண்டியவருக்கும் வேண்டாதவருக்கும் அதே 30 நாள், அதே 10 நாள் என்று இருக்கும் வரையில்தான் கொடியால் அனைவர் முன்னிலையிலும் உண்மையைச் சொல்ல முடியும்.

பதவியே இல்லாதவர்களின் இறப்பு இந்த வேலிக்கு வெளியே நிற்கிறது என்பது இவ்வழக்கத்தின் உண்மையான குறை. எந்த விளக்கத்தாலும் அதை முற்றிலும் போக்கிவிட முடியாது. அமெரிக்கச் சட்டம் அவர்களுக்கென்று ஆண்டில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கியிருக்கிறது. போரில் மடிந்தோரை நினைக்கும் மே மாதக் கடைசித் திங்கட்கிழமையன்று, கொடி உச்சியைத் தொட்டு, பாதிக்கு இறங்கி, நண்பகல் வரை அங்கே நிற்கிறது. படைத்தலைவருக்கும் கடைநிலை வீரருக்கும் அன்று நாள் கணக்கில் வேறுபாடு இல்லை. எவருடைய பெயரும் ஆணையில் எழுதப்படுவதில்லை. நண்பகலில் கொடி முழுக் கம்பத்துக்கு ஏறி, மாலை வரை அங்கே பறக்கிறது.